சர்வே எடுக்க வந்தவங்ககிட்ட நீங்க சொல்லாம விட்டது

கட்டபெட்டு பஸ்:

நம்ம நீலகிரி மலைக்கு ஆராய்ச்சின்னு வந்து போனவங்க கதை எல்லார்கிட்டயும் ஒண்ணாவது இருக்கும். எழுதுங்க. என்னோடதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2019. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பேர் வேண்டாம். பாதிக் குடும்பம் 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்தவங்க. சமூகவியல்ல முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு மேடம், டிபி வந்த பொம்பளைங்களை வீட்ல எப்படி நடத்துறாங்கன்னு பாக்க வந்தாங்க. அவங்களை லயன் லயனா (தோட்டத்து வரிசை வீடுங்க) கூட்டிட்டுப் போறதும் சொல்றதை எழுதிக்கிறதும் என் வேலை. மேடமும் தமிழ்க்காரங்கதான், ஆனா பேசுறது கேள்வித்தாள்ல வர்ற தமிழ். "குடும்பத்தில் முடிவெடுப்பவர் யார்?"னு கேட்டா எங்க சனம் சிரிக்காம என்ன பண்ணும்?

முதல் வாரம் வீட்டுக்குள்ள உக்காந்து 14 பக்கம் நிரப்பினோம். மாமியார் பக்கத்துல பாக்கு மென்னுக்கிட்டு, வீட்டுக்காரர் வாசப்படியில. எல்லாப் பக்கத்துலயும் ஒரே பதில்: "நல்லாப் பாத்துக்கறாங்க டீச்சர்." நோட்டு எடுத்துட்டு வர்ற யாரும் எங்க ஊர்ல டீச்சர்தான். ரெண்டாவது வாரம் மேடம் தாளைப் பைக்குள்ள வச்சுட்டு, கொழுந்து எடை போடுற வரிசையில போய் நின்னாங்க. கூடை முதுகுல இருக்கும்போது மாமியார் பக்கத்துல இருக்க மாட்டாங்க இல்லையா.

அங்கதான் ஒரு அக்கா பேசுச்சு. மாத்திரையை வெந்தய டப்பாவுக்குள்ள வச்சிருக்காம். வீட்ல கேட்டா ரத்தம் கம்மிக்குன்னு சொல்லிருக்கு. அது கூட சமாளிச்சுடலாம். அந்த மாத்திரையில ரிஃபாம்பிசின் இருக்கு, அது சாப்பிட்டா ஒண்ணுக்கு செங்காவி மாதிரி போகும். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா லயன்ல பத்து வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ். விடியறதுக்கு முன்னாடி, பனி கொட்டுற நேரத்துல, கையில ரெண்டு மக்கு தண்ணியோட போய் ஊத்திட்டு வருமாம். ஆறு மாசம், ஒருநாள் விடாம.

அப்புறம் சத்துணவுக்குன்னு அரசாங்கம் போடுற மாசம் 500 ரூபா. (2018ல ஆரம்பிச்சது, இப்ப 1,000 ஆயிருச்சு.) பணம் பேங்க்ல விழுந்தா மெசேஜ் வர்றது வீட்டுக்காரர் போனுக்கு! "கேஸ் மானியம்னு சொல்லிட்டேன்"னு சொல்லிட்டு அந்த அக்கா சிரிச்ச சிரிப்பு இன்னும் கண்ணுல நிக்குது. அதே லயன்ல ஒரு ஆம்பளைக்கும் டிபி. அவர் பொண்டாட்டி முட்டை வேகவச்சுக் குடுத்து, எச்சில் சட்டியும் எடுத்துப் போட்டுச்சு. இந்த அக்காவோ, தெரிஞ்சா அம்மா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு பயந்து மாத்திரையை முழுங்குது.

எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியல்காரர் 1963லயே எழுதிட்டாராம்: குறை வெளியில தெரியிறவங்க கஷ்டம் ஒரு மாதிரி, மறைக்க முடியிறவங்க கஷ்டம் வேற மாதிரி. யார்கிட்ட சொல்றது, யார்கிட்ட மறைக்கிறதுன்னு நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கணும். மேடம் அன்னைக்கு ராத்திரி இதைச் சொன்னப்ப எனக்கு அந்த ரெண்டு மக்குதான் ஞாபகம் வந்துச்சு.

பந்தலூர் மழை:

உங்க வெந்தய டப்பா எனக்குப் புதுசு இல்ல. கூடலூர்-பந்தலூர்ல நர்ஸா பதினொரு வருஷம். எங்க பக்கம் பணியர், முள்ளுக்குறும்பர்னு பழங்குடி வீடுகள்ல அரிவாள் செல் நோய், பரம்பரையா வர்ற ரத்த நோய். இந்தியாவுல இது முதன்முதலா பதிவான இடங்கள்ல நீலகிரியும் ஒண்ணு, 1952. எழுபது வருஷம் தாண்டியும் "அவ கொண்டு வந்த ரத்தம்"ங்கிற பேச்சு மட்டும் போகல.

ஒரு சின்னப் பையன். மழைக்காலம் வந்தா கை கால் மூட்டெல்லாம் வலிச்சு அலறுவான். பாட்டி மருமகளைத் திட்டாத நாள் இல்ல. சமூக ஆய்வுக்கு வந்திருந்த ஒருத்தர் கேட்டப்பவும் பாட்டிதான் பதில் சொன்னாங்க: "எங்க வம்சத்துல இல்ல." அவரும் அப்படியே எழுதிக்கிட்டார்.

அவர் போனதும் நான் பாட்டிகிட்டயே பாசிமணி கேட்டு வாங்கினேன். மகனுக்கு ஒரு செவப்பு, ஒரு வெள்ளை. மருமகளுக்கும் அதே. செவப்பு நல்ல மணி, வெள்ளை நோய் மணி. ஒரு வெள்ளை இருந்தா பெருசா ஒண்ணும் செய்யாது, ரெண்டு சேர்ந்தாதான் நோய். பிள்ளைக்கு அப்பா ஒரு மணி தரணும், அம்மா ஒரு மணி தரணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு ரெண்டும் வெள்ளையா விழ வாய்ப்பு. பாட்டி ரொம்ப நேரம் மணியை உருட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "என் மகனுக்கு இந்த வெள்ளை எங்க இருந்து வந்துச்சு?"ன்னாங்க. மகன் பாட்டியவே பாத்தான். நான் ஒண்ணும் பேசல. பாட்டி கடைசி வரைக்கும் மணியைக் கீழ வைக்கல.

2023ல இந்த நோய்க்குன்னு மத்திய அரசு திட்டம் வந்ததுல இருந்து பரிசோதனை, அட்டை எல்லாம் நிறைய நடக்குது. நல்லதுதான். ஆனா பொண்ணு பாக்க வர்றவங்க அட்டையைக் கேக்குறாங்க, மாப்பிள்ளையோட அட்டையை யாரும் கேட்டு நான் பாத்ததில்ல.

ஓய்வு வாத்தியார், ஊட்டி:

நான் கொஞ்சம் கசப்பாகவே எழுதுகிறேன். 1901-02இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் இம்மலைப் பழங்குடியான தோடர்களிடம் வம்சாவளி கேட்டு எழுதிய காலம் தொட்டு இந்த மலை ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சளைக்காமல் பதில் சொல்லி வருகிறது. தோடர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். எனவே ஒரு வீட்டு வம்சத்தை அடுத்த வீட்டாரிடம் கேட்டுத்தான் அவர் எழுதினார். அந்த வழக்கம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது: நோயாளியைப் பற்றி நோயாளியைத் தவிர எல்லாரிடமும் கேட்பார்கள். என் மனைவியின் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை பற்றி ஒருவர் என்னிடம் முக்கால் மணி நேரம் பேட்டி எடுத்தார். அவள் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். பிரதி அனுப்புகிறேன் என்றார். ஒன்பது வருடமாகிறது.

பந்தலூர் மழை:

சார், நீங்களாவது "அவளையே கேளுங்க"ன்னு சொல்லிருக்கலாமே?

ஓய்வு வாத்தியார், ஊட்டி:

சொல்லியிருக்கலாம். அவளும் இதைத்தான் சொன்னாள்.

பர்லியார்:

இது வரைக்கும் எங்கயும் எழுதினது இல்ல. என் தங்கச்சி. அவ வீட்டுக்காரர் காய்கறி லோடு ஓட்டுறவர், ஊட்டி கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார். தங்கச்சி முழுகாம இருந்தப்ப எல்லாருக்கும் எடுக்குற ரத்தப் பரிசோதனையில எச்ஐவின்னு வந்துச்சு. வீட்டுக்காரருக்கு அதுவரைக்கும் யாரும் ஊசியே குத்தல. முதல்ல தெரிஞ்சது இவளுக்கு, அதனால கொண்டு வந்ததும் இவதான்னு ஆயிருச்சு. வீட்ல யாரும் வாய்விட்டு ஒண்ணும் சொல்லல. ஆனா அவளுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு கோயம்புத்தூர் போய் மாத்திரை வாங்கிட்டு வருவா. பக்கத்துல வாங்கினா தெரிஞ்ச மூஞ்சி இருக்கும்ல. பிள்ளைக்கு நோய் இல்ல, சாமி புண்ணியம், மாத்திரை புண்ணியம்.

அங்க ஒரு ஆராய்ச்சி அம்மா பேசக் கேட்டாங்க. கையெழுத்துன்னதும் இவ எந்திரிச்சுட்டா. அந்த அம்மா படிவத்தை மடிச்சு வச்சுட்டு, "கையெழுத்து வேண்டாம், வாயால சரின்னா போதும். பேரும் வேண்டாம், நீயே ஒரு பேர் சொல்லு"ன்னாங்களாம். இவ மாமியார் பேரைச் சொன்னா! ரெண்டு மணி நேரம் அந்தப் பேர்லயே பேசிருக்கா. எச்ஐவிக்குன்னு 2017 சட்டம், சம்மதமில்லாம யாரும் வெளியில சொல்லக் கூடாதுன்னு இருக்குறதெல்லாம் அப்பதான் அவளுக்குத் தெரியும். பஸ்ல வரும்போது தூங்கிட்டா, ரொம்ப நாளைக்கு அப்புறம்னு சொன்னா.

கட்டபெட்டு பஸ்:

பர்லியார் அக்கா, மாமியார் பேரா! தங்கச்சிக்கு என் சலாம்.

அந்தக் கொழுந்து அக்கா என்ன ஆச்சுன்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. ஆறு மாசம் முடிஞ்சு சளி சுத்தமாயிருச்சு. வீட்ல இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வாத்தியார் சார், எங்க மேடம் பிரதி அனுப்பினாங்க. இங்கிலீஷ்ல, தலகாணி கனத்துக்கு. நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துட்டுப் போய் அக்காகிட்ட காட்டினேன். "இதுல நான் எங்க இருக்கேன்?"னுச்சு. வரியைக் காட்டினேன். விரலை வச்சு ஓரம் வரைக்கும் தடவிப் பாத்துச்சு.

"டப்பாவையும் எழுதிட்டாங்களா?"

"எழுதிருக்காங்க அக்கா."

"டப்பாவ மாத்திப் போடச் சொல்லு. மாமியாருக்குத் தெரிஞ்சுரும்."

மேடம்கிட்ட சொன்னேன், கட்டுரையா போட்டப்ப மாத்திட்டாங்க. மேல நான் எழுதினதும் வெந்தய டப்பா இல்ல.