‘நம்ம வீடு’ குழு: விண்வெளி வீரருக்கு எதுக்கு மனநல நிபுணர்?

[மாலை 6:40] ரம்யா: சித்தி, சேகர் மாமா, நாளைக்கு காலேஜ்ல என் செமினார். விண்வெளி வீரர்களுக்கு உளவியல் ஆதரவு, அதான் தலைப்பு. முதல் ஸ்லைடுல ‘கவுன்சிலிங்’னு போட்டுட்டு அதுக்கு மேல நகர மாட்டேங்குது

[மாலை 6:43] பெரியப்பா: ஆயிரக்கணக்கான பேர்ல சலிச்சு எடுத்த ஆளுங்க. அவங்களுக்கு எதுக்கும்மா கவுன்சிலிங்

[மாலை 6:51] உமா சித்தி: அத்தான் கேட்டதையே முதல் ஸ்லைடா வை. கவுன்சிலிங்கைத் தூக்கிட்டு தூக்கம், வேலை அட்டவணை, வீட்டுத் தொடர்புன்னு போடு. அந்த வேலையில பெரும்பாடு இது மூணும்தான்

[மாலை 6:55] சேகர் மாமா: அத்தான், சலிக்கறதுல ரெண்டு வேலை இருக்கு. மனநோய் இருக்கறவங்கள விலக்கறது ஒண்ணு. சின்ன இடத்துல ஆறு மாசம் அடுத்தவனோட ஒத்துப் போறவங்கள கண்டுபிடிக்கறது இன்னொண்ணு. முதலாவது பேட்டி, டெஸ்ட்னு ஓரளவு முடிஞ்சுடும். ரெண்டாவது நாற்காலில உக்காரவெச்சு பேசினா தெரியாது. அதான் எடுத்த பிறகும் ஃப்ளோரிடா கடலடியில அக்வாரியஸ் ஆய்வுக்கூடம், சார்டினியா தீவுல குகைன்னு அனுப்பியிருக்காங்க. அந்தக் குகைப் பயிற்சி ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2011ல ஆரம்பிச்சது

[மாலை 6:58] ரம்யா: மேல போன பிறகு யார் எப்படிப் பேசறாங்க?

[மாலை 7:06] உமா சித்தி: சர்வதேச விண்வெளி நிலையத்துல இருக்கற நாசா ஆளுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, நாசா கன்ட்ரோல் ரூம் இருக்கற ஹூஸ்டன்ல இருந்து உளவியலாளர் இல்ல மனநல மருத்துவரோட தனி வீடியோ பேச்சு. கன்ட்ரோல் ரூம்ல யாரும் கேக்க முடியாது. முக்கியமான விஷயம், இது எல்லாருக்கும் அட்டவணையிலேயே இருக்கும். ‘எனக்கு உதவி வேணும்’னு யாரும் கை தூக்க வேண்டாம். கை தூக்கினா அடுத்த பயணம் கைவிட்டுப் போயிடுமோன்னு பயப்படற ஆளுங்க இவங்க. கேட்டாதான் பேச்சுன்னு வெச்சிருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க

[மாலை 7:07] உமா சித்தி: பேச்சுல முதல் கேள்வி ‘மனசு எப்படி இருக்கு’ இல்ல. எத்தனை மணி நேரம் தூங்கினே, எந்த வேலை இழுத்துட்டே போகுது, கூட இருக்கறவங்களோட எப்படிப் போகுது, வீட்டுக்குப் பேசினியா. இப்படித்தான் போகும்

[மாலை 7:15] கார்த்தி அண்ணா: தூக்கத்துக்கு நம்பர் எழுதிக்கோ. அட்டவணைல 8.5 மணி நேரம். 2014ல வந்த ஆய்வுல நிலையத்துல இருந்த 21 பேரோட மணிக்கட்டுக் கருவிய வெச்சுப் பார்த்தா சராசரி 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. முக்கால்வாசிப் பேர் தூக்க மாத்திரை போட்டிருக்காங்க

[மாலை 7:17] பெரியப்பா: மாத்திரை போட்டுட்டு தூங்கறப்ப அலாரம் அடிச்சா?

[மாலை 7:20] சேகர் மாமா: சரியான கேள்வி அத்தான். அதுக்குத்தான் கிளம்பறதுக்கு முன்னாடியே தரையில அந்த மாத்திரைய ஒரு தடவை குடுத்துப் பாக்கறது. ஒருத்தருக்கு ஒத்துக்கறது இன்னொருத்தர மறுநாள் வரைக்கும் மந்தமாக்கிடும்

[மாலை 7:26] கார்த்தி அண்ணா: ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம், அதனால ஜன்னல நம்பி உடம்பு நேரம் கணக்குப் போடாது. கடிகாரம் கிரீன்விச் நேரம். சரக்குக் கப்பல் வர்ற அன்னிக்கு தூக்கத்தையே பல மணி நேரம் தள்ளிப்போடுவாங்க, ஊர் விட்டு ஊர் பறந்த மாதிரி உடம்பு தடுமாறும். 2016ல இருந்து பழைய குழல் விளக்க மாத்தி எல்ஈடி போட்டாங்க. மூணு நிலை: சாதாரண வேலைக்கு 4500 கெல்வின் (வெளிச்சத்தோட நிற அளவு), முழிப்பு வரவும் நேரம் மாத்தவும் நீலம் தூக்கலா 6500, படுக்கறதுக்கு முன்னாடி மஞ்சளா 2700. எந்த நேரத்துல எதப் போடணும்னு அட்டவணை தரையில இருந்து போகும்

[மாலை 7:28] ரம்யா: சூப்பர் அண்ணா, இது அப்படியே ஸ்லைடு

[மாலை 7:31] கார்த்தி அண்ணா: காற்றையும் சேர்த்துக்கோ. யாராவது எரிஞ்சு விழுந்தா உடனே ‘குணம் மாறிடுச்சு’ன்னு எழுதக் கூடாது. வெளிய நம்ம காத்துல கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் சுமார் 0.3 மில்லிமீட்டர் பாதரசம். நிலையத்துல 2, 3ன்னு நிக்கும். 1 மில்லிமீட்டர் ஏறினா தலைவலி வர்ற வாய்ப்பு ரெட்டிப்பாகுதுன்னு அங்க இருந்தவங்க பதிவுகள்லயே பார்த்திருக்காங்க. எடை இல்லாத இடத்துல சூடான மூச்சு தானா மேல எழும்பாது. படுக்கற பெட்டியில விசிறி நின்னா விட்ட மூச்சு மூஞ்சியச் சுத்தியே நிக்கும்

[மாலை 7:36] உமா சித்தி: கரெக்ட் கார்த்தி. வரிசை இதுதான்: முதல்ல காத்து, அடுத்து தூக்கம், அப்புறம் வேலைப் பளு, கடைசியாதான் ஆளோட மனசு. தலைகீழாப் பார்த்தா ஃபேன் சரி பண்ண வேண்டிய இடத்துல ஆலோசனை சொல்லிட்டிருப்போம்

[மாலை 7:40] பெரியப்பா: ஸ்கைலாப்ல, அதான் அமெரிக்காவோட பழைய விண்வெளி நிலையம், அங்க ஸ்ட்ரைக் பண்ணினாங்கன்னு எங்கயோ படிச்சேனே. அது மனசுப் பிரச்சினை தானே?

[மாலை 7:52] சேகர் மாமா: ஸ்ட்ரைக்கே இல்ல அத்தான். பத்திரிகைக்காரங்க கட்டின கதை. 1973 நவம்பர்ல ஜெரால்ட் கார், கிப்சன், போக்னு மூணு வீரர்கள் போனாங்க, மூணு பேருக்கும் அதுதான் முதல் பயணம், 84 நாள். முன்னாடி இருந்த குழு கடைசியில எட்டின வேகத்தையே இவங்களுக்கு முதல் வாரத்துல இருந்து வெச்சுட்டாங்க. சாப்பிட்ட பிறகு மூச்சு விடவும் நேரம் இல்ல. டிசம்பர் 30ல ஜெரால்ட் கார் தரையோட, அதாவது கன்ட்ரோல் ரூமோட, மனம் விட்டுப் பேசினாரு. அதுக்கப்புறம் சில்லறை வேலையெல்லாம் ஒரு பட்டியலா போச்சு, நேரம் கிடைக்கறப்ப செஞ்சுக்கலாம். சாப்பாட்டு நேரத்துல கை வைக்கல. வேலை ஓடிடுச்சு

[மாலை 7:55] உமா சித்தி: ரம்யா, அண்ணன் சொன்னத ‘வீரர்கள் கோபம்’னு தலைப்பு போட்டுடாதே, ‘அட்டவணைத் தப்பு’ன்னு போடு. இன்னொரு விஷயம், உள்ளுக்குள்ள இருக்கற உரசல் பல நேரம் தரை மேல பாயும். கூடவே இருக்கறவன்கிட்ட சண்டை போட்டா அங்கயே மூஞ்சிய பாத்தாகணும். ஹூஸ்டன்காரன திட்டறது சுலபம். ரஷ்யாவோட பழைய மீர் விண்வெளி நிலையத்துல இருந்தவங்கள வெச்சே இத ஆராய்ஞ்சிருக்காங்க. ‘தரை எங்கள புரிஞ்சுக்கல’ன்னு குறை கூடினா தரையையும் பாரு, உள்ளயும் பாரு

[இரவு 8:03] ரம்யா: மீர்ல அமெரிக்கர்கள் தனியா மாட்டிக்கிட்டாங்கன்னு ஒரு கட்டுரைல இருந்துச்சு

[இரவு 8:09] சேகர் மாமா: நார்மன் தகார்ட், 1995. மீர்ல முதல் அமெரிக்கர், 115 நாள். ரெண்டு ரஷ்யர்களோட நல்லாத்தான் போச்சு. ஆனா ஆங்கிலத்துல பேச ஆள் இல்லாம நாள் கணக்கா போகும், கையில போதுமான வேலையும் இல்ல. உடம்பு எடை 8 கிலோ கிட்ட குறைஞ்சது. அந்தப் பாடத்துக்கு அப்புறம்தான் நாசா தன் ஆளுங்களுக்கு ஆதரவ முறையா கூட்டினது. ரஷ்யாக்காரங்க அந்த விஷயத்துல 1970கள்லயே முந்திட்டாங்க

[இரவு 8:14] பெரியப்பா: வீட்ல ஏதாவது கெட்ட சேதின்னா என்ன பண்றது? மறைச்சுடுவாங்களா

[இரவு 8:24] உமா சித்தி: மறைக்கறதில்ல அத்தான். கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதிக்குவாங்க: இந்த மாதிரி சேதி வந்தா உடனே சொல்லணுமா, யார் வாயால சொல்லணும். நாசா வீரர் டான் டானி நிலையத்துல இருந்தப்ப, 2007 டிசம்பர்ல அவர் அம்மா கார் விபத்துல போயிட்டாங்க. அவர அழைச்சுட்டு வர வேண்டிய ஷட்டில் எரிபொருள் சென்சார் கோளாறுல பிப்ரவரிக்குத் தள்ளிப் போச்சு. இறுதிச் சடங்குக்கு வர வழியே இல்ல. மத்தவங்க வேலைய எடுத்துக்கறது, வீட்டோட பேச கூடுதல் நேரம் ஒதுக்கறது, இதெல்லாம் அப்ப யோசிக்கக் கூடாது, முன்னாடியே தீர்மானமா இருக்கணும்

[இரவு 8:27] ரம்யா: சித்தி, டெஸ்ட் ஏதாவது வெக்கறாங்களா?

[இரவு 8:33] உமா சித்தி: வின்ஸ்கேட். லேப்டாப்ல அஞ்சு சின்னச் சோதனை, கால் மணி நேரத்துக்குள்ள முடியும். குறியீட்ட எண்ணோட பொருத்தறது, கொஞ்சம் கழிச்சு அதையே ஞாபகத்துல இருந்து, மனக்கணக்கு, வடிவம் பொருத்தறது, தொடர் எண்கள்ல கவனம். மத்தவங்களோட ஒப்பிட மாட்டாங்க, பூமியில அவரே எடுத்த மார்க்தான் அளவுகோல். தலையில அடி பட்டாலோ காத்துல நச்சு கலந்தாலோ உடனே ஒரு தடவை எடுப்பாங்க

[இரவு 8:35] பெரியப்பா: ஒருத்தருக்கு புத்தி பேதலிச்சுப் போச்சுன்னா?

[இரவு 8:41] சேகர் மாமா: அதுக்கும் எழுதி வெச்ச நடைமுறை உண்டு, 2007லயே வெளிய தெரிஞ்சுது. மணிக்கட்டு, கணுக்கால்ல டக்ட் டேப், உடம்ப எலாஸ்டிக் கயிறால கட்டறது, தேவைப்பட்டா மயக்க ஊசி. கட்டறப்ப ‘உன் பாதுகாப்புக்காகத்தான்’னு சொல்லிக்கிட்டே கட்டணும்னும் அதுல இருக்கு. ரம்யா, இத ஸ்லைடுல போட்டா மத்ததெல்லாம் மறந்துட்டு இதையே பேசுவாங்க, வேண்டாம்

[இரவு 8:50] ரம்யா: சரி மாமா 🙂 செவ்வாய்க்குப் போறப்ப என்ன மாறும்?

[இரவு 8:58] உமா சித்தி: அந்த ரெண்டு வாரப் பேச்சே போயிடும். சிக்னல் போக தூரத்தப் பொறுத்து 3 நிமிஷத்துல இருந்து 22 நிமிஷம். கேள்வி கேட்டு பதில் வர்றதுக்குள்ள மூடே மாறிடும். வீடியோ பதிவு பண்ணி அனுப்பணும், இல்லன்னா குழுவுக்குள்ளயே ஒருத்தருக்குப் பயிற்சி குடுத்து அனுப்பணும். ஜன்னல் வழியா பூமியப் பார்த்துப் படம் எடுக்கறதும் கிடையாது. நிலையத்துல எடுத்த பூமிப் படங்கள எண்ணினா 84 சதவீதம் யாரும் சொல்லாம தாங்களே எடுத்தது. அவ்வளவு பெரிய ஆறுதல் அது

[இரவு 9:04] சேகர் மாமா: மாஸ்கோல 2010-11ல மார்ஸ்-500னு செவ்வாய்ப் பயண ஒத்திகை, ஆறு பேர், 520 நாள் கதவு மூடின கூடம். ஒருத்தருக்கு தூங்கி எழற சுழற்சி 25 மணி நேரமா நீண்டு, மத்தவங்க தூங்கறப்ப அவர் முழிச்சிருந்தாரு. பதிவான மனத்தாங்கல்கள்ல 85 சதவீதம் ரெண்டே பேர் பதிவு பண்ணினது, மன அழுத்தமும் உடல் சோர்வும் அதிகமா இருந்த ரெண்டு பேர்

[இரவு 9:06] ரம்யா: அப்போ பதில் வர 22 நிமிஷம்னு போட்டுடறேன்

[இரவு 9:07] கார்த்தி அண்ணா: அது ஒரு வழிக்கு. கேட்டு பதில் வாங்க 44. மாத்திடு, கேள்வி நேரத்துல அதத்தான் பிடிப்பாங்க