சார்ட்டிங்கில் வலது இடது குழம்புகிறது, ஃபிலிமில் மீன்முள் மாதிரி கோடு வேறு: யாராவது விளக்குங்களேன்

மூன்றாம்மாதம் எழுதியது:

வணக்கம். டென்டல் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்து இது மூன்றாவது மாதம். இந்த வாரம் மூன்று சொதப்பல். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது சார்ட்டிங், அதாவது டாக்டர் சொல்லச் சொல்ல பற்களின் நிலையைத் தாளில் குறிப்பது. டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டே "ஒன்று ஆறு, மீசியல் சொத்தை" (மீசியல் என்றால் பல்லில் நடுக்கோட்டைப் பார்த்த பக்கம்) என்று சொல்லிக்கொண்டு போகிறார். நான் "பதினாறு" என்று மனதுக்குள் மாற்றி, அது எந்தப் பக்கம் என்று யோசிப்பதற்குள் அவர் இரண்டு பல் தாண்டிவிடுகிறார். கடைசியில் பார்த்தால் வலது பக்கச் சொத்தை எல்லாம் இடது பக்கம் ஏறியிருந்தது.

இரண்டாவது, ஈறு பரிசோதனை. "மூன்று, இரண்டு, மூன்று" என்று ஆறு எண் சொன்னார். மில்லிமீட்டர் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'மிமீ' போட்டு வைத்தேன். டாக்டர் சிரித்துவிட்டு அடித்துத் திருத்தினார். ஏன் என்று சொல்லவில்லை.

மூன்றாவதுதான் உறுத்துகிறது. எக்ஸ்ரே ஃபிலிம் பொட்டலத்தை ஹோல்டரில் மாட்டிக் கொடுத்தது நான். கழுவிப் பார்த்தால் படம் வெளிறிப்போய், மேலே மீன்முள் மாதிரி கோடு. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. என்ன தப்பு செய்தேன்?

---

எழுதியவர்: வேப்பங்குச்சி

பயப்படாதீங்க. எழுத முடியவில்லை என்றால் "டாக்டர், கொஞ்சம் நில்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஊகித்து எழுதிய சார்ட்டை விட நிறுத்திக் கேட்ட சார்ட் மேல். கோடு ஏன் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

---

எழுதியவர்: கடைவாய்

தங்கச்சி, உங்கள் மூன்று சொதப்பலில் முதலும் மூன்றும் ஒரே சொதப்பல்தான். இருபது வருடமாக நாற்காலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், நானும் இரண்டையும் செய்தவள்தான்.

சார்ட் என்பது உங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம். அவருடைய வலது, தாளில் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. தாளில் கடிகார முள் சுற்றுகிற திசையிலேயே போகிறது பாருங்கள். இரண்டாவது எண் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. முன்பல் 1, கோரைப்பல் 3, ஞானப்பல் 8. ஆகவே 16 என்றால் பதினாறாவது பல் இல்லை. முதல் கட்டத்தில் ஆறாவது பல். அதனால்தான் டாக்டர் "பதினாறு" என்று சொல்லாமல் "ஒன்று ஆறு" என்று பிரித்துச் சொல்கிறார். நீங்கள் அதைச் சேர்த்துப் படிக்கிற நிமிஷமே கட்டம் கையை விட்டுப் போய்விடும். முதல் எண் காதில் விழுந்ததும் பேனா அந்தக் கட்டத்துக்குப் போய் நிற்கட்டும். இரண்டாவது எண்ணுக்குப் பல்லைத் தேடினால் போதும். பால்பல்லுக்கு இதே சுற்றில் 5, 6, 7, 8.

இப்போது ஃபிலிம். பொட்டலத்துக்குள் ஃபிலிமுக்குப் பின்னால் மெல்லிய ஈயத்தகடு ஒன்று இருக்கும். ஃபிலிமைத் தாண்டிப்போன கதிர் சிதறித் திரும்பி வந்து படத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் அது. வெறும் வெள்ளைப் பக்கம் கதிர் வரும் ட்யூபைப் பார்க்க வேண்டும், பிரிக்கிற நாக்கு உள்ள பக்கம் அதற்கு எதிர்ப்புறம். நீங்கள் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். கதிர் முதலில் தகட்டில் பட்டு வடிகட்டித்தான் ஃபிலிமுக்கு வந்திருக்கிறது. அதனால் வெளிறல், அந்தக் கோடு தகட்டில் அழுத்தியிருக்கும் அச்சு. சில கம்பெனி ஃபிலிமில் டயர் தடம் மாதிரி விழும்.

வெளிறியது பெரிய விஷயமே இல்லை. ஃபிலிம் மூலையில் விரலால் தடவினால் தட்டுப்படுகிற சின்ன மேடு உண்டு அல்லவா? அந்தப் புள்ளி ட்யூப் பக்கம் புடைத்திருக்க வேண்டும். படத்தை மவுண்டில் (படங்களை வரிசையாகச் செருகி வைக்கிற அட்டையில்) போடும்போது புடைப்பு நம்மைப் பார்க்கும்படி வைக்கிறோம். அப்போது நோயாளியின் வலது, நம் இடது பக்கம் வரும். அதாவது சார்ட்டில் பார்த்த அதே முகம். திருப்பி எடுத்த ஃபிலிமைப் புள்ளியை நம்பி மவுண்ட் பண்ணினால் 36 இருக்க வேண்டிய இடத்தில் 46 மாதிரி தெரியும். அந்தக் கோட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் நல்ல பல்லில் ட்ரில் விழும். கோடு விழுந்தது உங்கள் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிஏபிகல் (வேர்நுனி வரை காட்டுகிற படம்) எடுக்கும்போது புள்ளி கடிக்கிற பக்கம் இருக்கட்டும், வேர்நுனிப் பக்கம் வேண்டாம். நாம் பார்க்க வேண்டிய இடமே வேர்நுனிதான், அதன் மேல் புள்ளி உட்கார்ந்தால் என்ன பிரயோஜனம்.

---

எழுதியவர்: ப்ரோப்_பிடித்தகை

ஈறு எண்ணுக்கு நான் வருகிறேன். அது மில்லிமீட்டர் இல்லை, குறியெண். வாயை ஆறு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் மோசமான இடத்துக்கு ஒரே ஒரு எண். ஈறின் ஆழம் பார்க்கிற கம்பியான ப்ரோப்பின் நுனியில் அரை மில்லிமீட்டர் குண்டு இருக்கும், அதற்கு மேலே 3.5 முதல் 5.5 மிமீ வரை கறுப்புப் பட்டை. பட்டை முழுசாகத் தெரிந்து, ரத்தமும் இல்லை என்றால் 0. ரத்தம் மட்டும் என்றால் 1. பற்காரை இருந்தால் 2. பட்டையில் ஒரு பகுதி ஈறுக்குள் மறைந்தால் 3, முழுக்க மறைந்தால் 4.

இப்போது உங்கள் 'மிமீ'யைப் பாருங்கள். 3 மிமீ ஆழம் என்றால் சாதாரண ஈறு. குறியெண் 3 என்றால் ஆழம் அதைத் தாண்டிவிட்டது, கவனிக்க வேண்டிய ஈறு. உங்கள் இரண்டெழுத்தில் ஒரு நோயாளி குணமாகிவிட்டார்!

அப்புறம் கேட்காமலே ஒன்று. குழந்தை ஓங்கரித்தால் "நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று ஃபிலிமை விரலால் பிடிக்க ஒருநாளும் போகாதீர்கள். எட்மண்ட் கெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ராண்ட்ஜென் கதிரைக் கண்டுபிடித்த அடுத்த வருடமே, 1896இல், பல் எக்ஸ்ரேயில் இறங்கியவர். வருடக்கணக்கில் கையைக் கதிரில் காட்டியதில் விரல்களில் புற்று வந்து, ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் கையே போயிற்று. குழந்தைக்குச் சின்ன ஃபிலிம், 0 சைஸ், கேளுங்கள்; மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். பட்டன் அமுக்கும்போது நேர்க்கதிருக்கு விலகி, இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் கால்பங்காகக் குறையும். இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.

---

எழுதியவர்: வேப்பங்குச்சி

எங்கள் இடத்தில் ஃபிலிம் போய்ப் பல வருடம் ஆயிற்று, இதெல்லாம் இன்னும் படிக்க வேண்டுமா?

---

எழுதியவர்: கடைவாய்

வேண்டும் தம்பி. ஃபிலிமுக்குப் பதிலாக வாயில் வைக்கிற பாஸ்பர் தகட்டுக்கும் ஒரு பக்கம்தான் சரியான பக்கம். திருப்பி வைத்தால் அங்கேயும் படம் இடவலம் மாறும். உங்களுக்கு உதவ மீன்முள் கோடு கூட வராது.

---

மூன்றாம்மாதம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைவாய் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு இன்று பழைய மவுண்டுகளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பைட்விங்கில் (மேல், கீழ்ப் பற்களைக் கடிக்கவைத்து எடுக்கிற படம்) மேடு இல்லை, குழிதான் தட்டுப்பட்டது. கோடு கீடு எதுவும் இல்லை, எடுத்தது சரிதான்; மவுண்டில் போட்டவர் திருப்பிவிட்டார். சார்ட்டில் 36 டிஸ்டல் (பல்லின் பின்பக்க) சொத்தை என்று இருக்கிறது, மவுண்டில் சொத்தை வலது பக்கப் பல்லில் தெரிகிறது. டாக்டரிடம் காட்டினேன். அவரும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உருவித் திருப்பிப் போட்டார். மவுண்ட் ஓரத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.