டெஸ்க்டாப் ஃபேன் திடீர்னு மிக்சி மாதிரி இரையுது, தூசி தட்டியும் குறையல

கீபோர்டு குருவி:

இன்டெல் ஐ5-10400, பிராசசர் பெட்டியோட வந்த அதே கூலர், 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கேபினெட்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு 120 மிமீ ஃபேன். வீடு மாத்தின நாள்லேர்ந்து, ஆன் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள சத்தம் ஏறிடுது, அப்புறம் இறங்குறதே இல்ல. கேபினெட்டைத் திறந்து பிரஷ்ஷால தூசி எல்லாம் எடுத்தாச்சு. டாஸ்க் மேனேஜர்ல சிபியு 4 சதவீதம்தான். வைரஸா இருக்குமா? ஃபேனை மாத்தணுமா? புது ஃபேன் வாங்குறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கலாம்?

பழைய மதர்போர்டு:

ஃபேன் வாங்க வேண்டாம், அவசரப்படாதீங்க. எச்டபிள்யூ இன்ஃபோ (சூடு, ஃபேன் வேகம் எல்லாம் காட்டுற மென்பொருள்) இறக்கி, "சென்சார்ஸ் மட்டும்" டிக் பண்ணித் திறங்க. எந்த புரோகிராமும் ஓடாம பத்து நிமிஷம் விட்டுட்டு மூணு எண்ணை இங்க போடுங்க: சிபியு பேக்கேஜ் வெப்பநிலை, சிபியு பேக்கேஜ் பவர் (வாட்), சிபியு ஃபேன் ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று). பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற மதர்போர்டு அமைப்புத் திரை) தெரியுற சூட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. அங்க பிராசசர் முழுசா ஓய்வுக்குப் போகாது, விண்டோஸ்ல சும்மா இருக்கும்போது காட்டுறதைவிடக் கூடுதலாத்தான் காட்டும்.

இந்த மூணையும் சேர்த்துப் பார்த்தா பாதி வேலை முடிஞ்சுது. சூடும் சுழற்சியும் ரெண்டுமே கூட: சூடு பிராசசரை விட்டு வெளியேறல. சூடு கம்மி, சுழற்சி மட்டும் உச்சத்துல: ஃபேனைக் கட்டுப்படுத்துற சிக்னல் போச்சு, இல்லன்னா பயாஸ் அமைப்பு மாறிடுச்சு. சுழற்சி வழக்கம் போலத்தான், ஆனா கர்ர்னு சத்தம்: பேரிங், இல்லன்னா இறக்கையில ஒயர் உரசுது. தூசி முதல் வகைக்குள்ள வர்ற ஒரு காரணம், அவ்வளவுதான். எல்லாரும் அதையே முதல்ல சொல்றது பழக்கதோஷம்.

கீபோர்டு குருவி:

பேக்கேஜ் 78 டிகிரி, பவர் 12 வாட், ஃபேன் 2,900. ரூம்ல 33 டிகிரி இருக்கும்.

சால்டரிங் அண்ணாச்சி:

12 வாட்டுக்கு 78 டிகிரியா? அப்போ வைரஸ் பேச்சையே விட்டுடுங்க. ஏதாவது ஒளிஞ்சு ஓடினா வாட் கணக்கு 40, 50-னு ஏறியிருக்கணும். அந்தக் கூலருக்கு வாட்டுக்கு அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல ஏறும்னு வச்சுக்கோங்க. 12 வாட்டுக்கு ஏழெட்டு டிகிரி. ரூம் 33-ன்னா 42-க்குள்ள நிக்கணும். உங்களுக்கு 45 டிகிரி கூட ஏறுது. ஹீட்சிங்க் (கூலர்ல சூட்டை இழுக்கிற உலோகப் பாகம்) பிராசசர் மேல சரியா உட்காரல.

வீடு மாத்தினதுதான் காரணமா இருக்கும். அந்தக் கூலரை மதர்போர்டுல பிடிச்சிருக்கிறது நாலு பிளாஸ்டிக் புஷ்பின் மட்டும்தான், ஸ்க்ரூ கிடையாது. வண்டி குலுங்கினதுல ஒரு பின் எகிறினாலே போதும், அந்த மூலை தூக்கிக்கும், நடுவுல காற்று புகுந்துடும். காற்று சூட்டை லேசில கடத்தாது. மேலேர்ந்து பார்த்தா நாலும் சரியா இருக்கிற மாதிரியே தெரியும், அதை நம்பாதீங்க. முடிஞ்சா கேபினெட்டோட பின்பக்கத் தகட்டைக் கழட்டி மதர்போர்டு முதுகைப் பாருங்க. நாலு ஓட்டையிலயும் வெள்ளைக் கால் விரிஞ்சு, நடுவுல கறுப்புக் குச்சி நீட்டிக்கிட்டு இருக்கணும். கறுப்பு தெரியாத ஓட்டைதான் குற்றவாளி.

பின் எகிறியிருந்தா அதை மட்டும் அமுக்கிட்டு விட்டுடாதீங்க, பேஸ்ட்ல (பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பசை) ஒருதரம் காற்று புகுந்தா அது போகாது. கழட்டி மறுபடி போடணும். அஞ்சு நிமிஷம் ஓட விட்டு பேஸ்ட் இளகினதும் ஷட்டவுன் பண்ணி, பவர் கேபிளை உருவுங்க. ஃபேன் ஒயரைக் கழட்டுங்க. நாலு பின்னோட தலையையும் அம்புக்குறி காட்டுற பக்கம் கால் சுற்று திருப்பி மேல இழுங்க. ஹீட்சிங்க்கை நேரா பிடுங்காம, லேசா இடவலமா அசைச்சு எடுங்க. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் (99 சதவீதம் கிடைச்சா நல்லது) நனைச்ச துணியால ரெண்டு பக்கமும் துடைங்க. கை கழுவுற சானிட்டைசர் ஜெல் வேண்டாம், அதுல இருக்கிற கிளிசரின் பிசுக்கா ஒட்டிக்கும். புது பேஸ்ட் துவரம்பருப்பு அளவு, நடுவுல ஒரே பொட்டு. தடவ வேண்டாம், அமுக்கும்போது தானா பரவும்.

இப்போதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். மாட்டுறதுக்கு முன்னாடி நாலு தலையையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, பழைய நிலைக்குக் கொண்டு வரணும். திருப்பாம அமுக்கினாலும் 'க்ளிக்' கேட்கும், ஆனா பூட்டாது, ரெண்டு நாள்ல மறுபடி எகிறும். எதிரெதிர் மூலையா அமுக்குங்க: முதல்ல ஒரு மூலை, அப்புறம் அதுக்குக் குறுக்க இருக்கிறது. ஒரே பக்கத்து ரெண்டையும் முதல்ல அமுக்கினா மத்த பக்கம் தூக்கிக்கும்.

ஏஎம்டி ஆறுமுகம்:

அண்ணாச்சி சொன்னது இன்டெலுக்கு. இதைப் படிச்சுட்டு யாராவது ரைசன் (ஏஎம்டியோட பிராசசர்) மெஷின்ல கை வச்சா ஒரு விஷயம்: ஏஎம்4 சாக்கெட்டுல (ரைசன் சிலது உட்கார்ற இடம்) பேஸ்ட் இறுகியிருந்தா, ஹீட்சிங்க்கோட பிராசசரும் ஒட்டிக்கிட்டு சாக்கெட்டை விட்டு வெளிய வந்துடும், கால்கள் வளையும். சூடாக்காம இழுக்கவே கூடாது.

இன்னொண்ணு, ரைசன்ல ஒரு கிளிக் பண்ணினாலே சூடு சில டிகிரி குதிச்சு இறங்கும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கி 'ஊஊ... ஊஊ'ன்னு கேட்கும். அது பழுது இல்ல. பயாஸ்ல ஃபேன் அமைப்புல 'ஸ்மூத்திங்' இல்லன்னா 'ஸ்டெப் அப் டைம்'னு இருக்கும், அதை மூணு நாலு விநாடி வைங்க. ஃபேன் வளைவை (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம்ங்கிற கோடு) 60 டிகிரி வரைக்கும் தட்டையா விடுங்க, 75-ல 70 சதவீதம், 85-ல முழு வேகம். சத்தம் அடங்கும்.

பழைய மதர்போர்டு:

குருவிக்கு இது பொருந்தாது, ஆனா ரெண்டாவது வகையில வர்றவங்களுக்கு: சூடு 40-ல இருந்தும் ஃபேன் முழு வேகத்துல ஓடினா முதல்ல கனெக்டரைப் பாருங்க. 4 பின் ஃபேன்ல நாலாவது ஒயர்தான் வேகத்தைச் சொல்றது. அது அறுந்தாலோ சரியா சொருகாம இருந்தாலோ ஃபேன் முழு வேகத்துக்குப் போயிடும், அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. 3 பின் ஃபேனை மாட்டியிருந்தா பயாஸ்ல பிடபிள்யூஎம்-லேர்ந்து (நாலாவது ஒயர் சிக்னலால வேகம்) டிசி-க்கு (வோல்ட்டேஜால வேகம்) மாத்தணும், இல்லன்னா எப்பவும் 12 வோல்ட்டுதான் போகும்.

கடிகாரம் அடிக்கடி பழைய தேதிக்குப் போகுதா? அப்போ மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரிதான் காரணம். தினமும் ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்கிற வீட்ல அது சீக்கிரம் தீரும். தீர்ந்தா நீங்க அமைச்ச ஃபேன் வளைவும் அழிஞ்சு, போர்டோட சொந்த அமைப்புக்குத் திரும்பிடும். மல்டிமீட்டர்ல 3 வோல்ட் காட்டணும், 2.8-க்குக் கீழன்னா மாத்துங்க.

கீபோர்டு குருவி:

இடது மேல் மூலை பின்தான், முதுகுப் பக்கம் கறுப்பே தெரியல. பேஸ்ட் மாத்தி மாட்டியாச்சு. இப்போ 41 டிகிரி, ஃபேன் 1,100. முழு லோடு கொடுத்து அரை மணி நேரம் விட்டேன், 65 வாட்ல 73-ஐத் தாண்டல. ரொம்ப நன்றி அண்ணாச்சி!

இரைச்சல் போனதும் இன்னொரு சத்தம் தெரியுது. காலைல முதல்தரம் ஆன் பண்ணும்போது 'கடகட'ன்னு ஒரு நிமிஷம், அப்புறம் தானா நின்னுடுது.

சால்டரிங் அண்ணாச்சி:

அது பேரிங். ஸ்லீவ் பேரிங்ல எண்ணெய் வத்திப் போச்சு, சூடாகி இளகினதும் அடங்குது. எந்த ஃபேன்னு கண்டுபிடிக்க ஒரு செய்தித்தாளைக் குழலாச் சுருட்டி, ஒரு முனையைக் காதுல வச்சு, மறு முனையை ஒவ்வொரு ஃபேன் பக்கத்துலயும் கொண்டு போங்க. இறக்கையில படாம.

கேபினெட் ஃபேன்னா கழட்டி, நடுவுல இருக்கிற ஸ்டிக்கரை உரிங்க. உள்ள ரப்பர் மூடி இருந்தா அதையும் எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சிப்போனா ரெண்டு. விளிம்பைத் துடைச்சுட்டு ஸ்டிக்கரை ஒட்டுங்க, எண்ணெய் பட்டா ஒட்டாது, எண்ணெயும் வெளிய கசியும். டபிள்யூடி-40 ரெண்டு வாரத்துல காஞ்சிடும். தேங்காய் எண்ணெயா, மார்கழில உறைஞ்சு நிக்கும். எண்ணெய் விட்டும் சத்தம் திரும்பினா பேரிங் தேய்ஞ்சிடுச்சு, ஃபேனை மாத்திடுங்க, விலை அதிகமில்ல.

சத்தம் எஸ்எம்பிஎஸ்-லேர்ந்து (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) வந்தா மட்டும் திறக்காதீங்க. பிளக்கை உருவின பிறகும் உள்ள கெபாசிட்டர்ல முந்நூறு வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம். கடையில கொடுங்க.

ஏஎம்டி ஆறுமுகம்:

புளோயர் வச்சு ஊதும்போது இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கோங்க குருவி. காற்று வேகத்துல அது கன்னாபின்னான்னு சுத்தினா, இப்போ எண்ணெய் விட்ட பேரிங்கும் கெட்டுடும்.