வியட்நாம் கம்போடியாவுக்குள்ள போனது சரின்னா, அமெரிக்கா ஈராக்குக்குள்ள போனது மட்டும் ஏன் தப்பு?

மொட்டைமாடி:

போன மாசம் அங்கோர் வாட் பாக்கணும்னு குடும்பத்தோட கம்போடியா போனோம், அப்படியே புனோம் பென்ல ரெண்டு நாள். அங்க டூல் ஸ்லெங்னு ஒரு இடம், முன்னாடி ஹைஸ்கூலாம், 1975ல இருந்து 79 வரைக்கும் நாட்டை ஆண்ட போல் பாட் ஆளுங்க அதை ஜெயிலாக்கிட்டாங்க. கிளாஸ்ரூம் நடுவுல ஒத்த இரும்புக் கட்டில், அடுத்த ரூம்ல சுவர் முழுக்க கைதிங்க போட்டோ, சின்னப் பசங்க போட்டோ கூட இருக்கு. பதினாலாயிரம் பேருக்கு மேல உள்ள போனாங்களாம், உயிரோட மிஞ்சினது ஒரு டஜன் பேர் தேறும். வீட்டுக்காரம்மா பாதியிலயே வெளிய வந்து மரத்தடியில உக்காந்துட்டாங்க, அன்னைக்கு யாரும் சரியா சாப்பிடல.

விஷயம் என்னன்னா, நான் இத்தனை வருஷமா "எந்த சண்டையும் வேணாம்" கட்சி. 2003ல ஈராக் மேல குண்டு போட்டப்ப காலேஜ்ல இருந்து ஊர்வலம் போனவன். ஆனா கம்போடியாவுல அந்தக் கொலைய நிறுத்தினது பேச்சுவார்த்தை இல்ல, ஐநா இல்ல. 1979 ஜனவரி 7 வியட்நாம் டாங்கி ஊருக்குள்ள வந்துச்சு, போல் பாட் ஓடினான், அவ்ளோதான். 80 லட்சம் கூட இல்லாத ஜனத்துல கிட்டத்தட்ட 17 லட்சம் பேர் போயிட்டாங்கன்னு சொல்றாங்க, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா? அப்ப படை போனது சரின்னுதானே ஆகுது. அப்படின்னா சதாம் மட்டும் என்ன யோக்கியனா? எதை வச்சுதான் இது சரி அது தப்புன்னு சொல்றது, யாராவது வெளக்குங்க. திட்டாம.

நோட்டரி பப்ளிக்:

சட்டப்படி கேட்டீங்கன்னா பதில் சின்னது. ஐநா சாசனத்துல அடுத்த நாட்டு மேல படை எடுக்க ரெண்டே வழி, ஒண்ணு உன்னை எவனாவது அடிச்சா திருப்பி அடிக்கலாம் (51வது பிரிவு), இல்ல பாதுகாப்பு கவுன்சில் அனுமதி கொடுக்கணும். "அவன் தன் ஜனத்தையே கொல்றான்"ங்கிறது அந்த லிஸ்ட்ல கெடையாது.

இதுல வேடிக்கை பாருங்க, வியட்நாமே நாங்க கம்போடிய ஜனங்களக் காப்பாத்தப் போனோம்னு ஐநாவுல வாதாடல. கெமர் ரூஜ் (போல் பாட்டோட கட்சி) எங்க எல்லைக்குள்ள வந்து அடிச்சான், அதுக்கு நாங்க திருப்பி அடிச்சோம், அரசைக் கவுத்தது கம்போடிய ஜனங்களோட கிளர்ச்சி, அது வேற இது வேறன்னு சொன்னாங்க. எல்லைத் தாக்குதல் கதை இல்ல, 1978 ஏப்ரல்ல பா சுக்ங்கிற வியட்நாம் கிராமத்துல மட்டும் மூவாயிரம் பேருக்கு மேல வெட்டிக் கொன்னாங்க. அதுக்கு முன்னாடி பிப்ரவரியிலயே ரெண்டு படையும் எல்லையில இருந்து 5 கிலோமீட்டர் பின்னாடி போவோம்னு வியட்நாம் கேட்டுப் பாத்துச்சு, போல் பாட் காதுல வாங்கல. அதனால தற்காப்புங்கிறது சரி. ஆனா தற்காப்புக்கு எல்லையில நின்னு அடிச்சாப் போதும், தலைநகர் வரைக்கும் போயி புது அரசு வச்சுட்டு பத்து வருஷம் உக்காரணுமான்னு உலகம் கேட்டுச்சு. ஒரு ஆட்சி அருவருப்பா இருக்குங்கிறதுக்காக வெளிநாட்டுக்காரன் உள்ள போலாம்னு ஒத்துக்கிட்டா உலக ஒழுங்கே போச்சுன்னு பிரான்ஸ் அப்பவே பாதுகாப்பு கவுன்சில்ல பேசுச்சு.

அப்புறம் நடந்தது இன்னும் கேவலம். ஐநாவுல கம்போடியா சீட்டு யாருக்குன்னா ஓடிப்போன போல் பாட் ஆளுங்களுக்கே, அமெரிக்கா சீனா ரெண்டும் சேர்ந்து கையத் தூக்குச்சு. வியட்நாமுக்குத் தண்டனைன்னு சீனா 1979 பிப்ரவரியில வடக்க இருந்து இறங்கி ஒரு மாசம் அடிச்சது. புது அரசை அங்கீகரிச்ச கம்யூனிஸ்ட் இல்லாத நாடுங்களை விரல் விட்டு எண்ணிடலாம், அதுல 1980ல இந்திரா காலத்து இந்தியாவும் உண்டு.

டீகிளாஸ்:

எதுக்கு இவ்ளோ பெரிய பாராகிராப். எண்ணெய் இருந்தா ஜனநாயகம் கொண்டு வருவான், இல்லன்னா அறிக்கை விடுவான். முடிஞ்சுது

பழையபேப்பர்:

@டீகிளாஸ் அப்ப வியட்நாம் எந்த எண்ணெய்க்குப் போச்சு ஐயா? சுயநலம் இல்லாம எவனும் படை அனுப்ப மாட்டான், அதை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி சொல்ல வேணாம். 1971ல இந்தியா போனதுல பாகிஸ்தானை ரெண்டாக்கணும்ங்கிற ஆசை இல்லையா என்ன? இருந்துச்சு. ஆனா மார்ச் 25 ராத்திரி டாக்காவுல கொலை ஆரம்பிச்சு ஒரு கோடி அகதி எல்லை தாண்டி வந்து நின்னதும் உண்மை, டிசம்பர் 3 பாகிஸ்தான் விமானம் முதல்ல குண்டு போட்டதும் உண்மை. 16ந்தேதி சரண்டர், அடுத்த மார்ச்சுக்குள்ள நம்ம படை திரும்பிடுச்சு. நான் மனசைப் பாக்க மாட்டேன், எப்பப் போனான் எப்பத் திரும்பினான் அது ரெண்டும்தான் பாப்பேன்.

மொட்டைமாடி, உங்க கேள்விக்கு என் பதில் ஒரே வார்த்தை, தேதி. சதாம் கொலைகாரன்தான், சந்தேகமே இல்ல. 1988 மார்ச்ல ஹலப்ஜாவுல விஷவாயு போட்டு அஞ்சாயிரம் குர்து ஜனங்களை ஒரே நாள்ல கொன்னான், அந்த வருஷம் பூரா குர்து கிராமங்களை அழிச்சான். யாராவது படை அனுப்பணும்னா அன்னைக்கு அனுப்பிருக்கணும். அன்னைக்கு இதே அமெரிக்கா அவனுக்கு ஃப்ரெண்டு, ஈரானோட சண்டை போட உதவி பண்ணிட்டு இருந்துச்சு. 15 வருஷம் கழிச்சு 2003ல போறப்ப அந்த மாதிரி கூட்டக் கொலை எதுவும் அங்க நடந்துட்டு இல்ல, பேரழிவு ஆயுதம்னு சொன்னாங்க, ஐநா ஆயுத சோதனைத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸோட ஆளுங்க தேடிட்டே இருந்தாங்க, இன்னும் கொஞ்ச மாசம் டைம் கொடுங்கன்னு கேட்டாரு, கொடுக்கல. கடைசியில ஆயுதமும் இல்ல. சதாமை வருஷக்கணக்கா திட்டி ரிப்போர்ட் எழுதின மனித உரிமை அமைப்பு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்சே இதை ஜனங்களைக் காப்பாத்தப் போன போர்னு ஒத்துக்க முடியாதுன்னு எழுதிடுச்சு. செத்தவங்களுக்காகப் பழிவாங்க படை போறது வேற, சாகப்போறவங்களுக்காகப் போறது வேற.

குழம்புச்சட்டி:

தேதி சரி அண்ணா, ஆனா மறுநாள்னு ஒண்ணு இருக்கே, அதைப் பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க. போல் பாட் போனதோட கம்போடியா சந்தோஷமாயிடுச்சா? உடனே பஞ்சம். அப்புறம் கெமர் ரூஜ் தாய்லாந்து எல்லையில உக்காந்துட்டான், அவனைத் தடுக்க கிராமத்து ஆளுங்களை கட்டாயமா கூட்டிட்டுப் போயி காட்டை வெட்ட விட்டாங்க, கண்ணிவெடி புதைச்சாங்க, மலேரியாவுல எத்தனையோ பேர் செத்தாங்க. வியட்நாம் கிளம்பினது 1989 செப்டம்பர்ல, பாரிஸ் ஒப்பந்தம் 91ல. இன்னைக்கும் அங்க கால் இல்லாதவங்களைப் பாக்கலாம், மொட்டைமாடி அண்ணா நீங்களும் கோயில் வாசல்ல பாத்திருப்பீங்க.

உகாண்டாவும் அப்படித்தான். அங்க சர்வாதிகாரியா இருந்த இடி அமின் 1978 அக்டோபர்ல தான்சானியா எல்லைக்குள்ள புகுந்தான், தான்சானியா அதிபர் நியரேரே திருப்பி அடிச்சு 79 ஏப்ரல்ல கம்பாலா வரைக்கும் போயிட்டாரு. நம்ம குஜராத்தி ஆளுங்களையெல்லாம் 72ல தொரத்தினவன்தானே, போனான்னு எல்லாரும் கொண்டாடினாங்க. அடுத்த வருஷமே அமினுக்கு முன்னாடி ஆண்ட ஒபோட்டே திரும்ப ஆட்சிக்கு வந்து லுவேரோ பக்கம் அவர் படையும் ஜனங்களைக் கொன்னுச்சு. ஈராக்குல கேக்கவே வேணாம், 2003 மே மாசம் அமெரிக்கா அங்க வச்ச நிர்வாகி பிரெமர் ஒரு கையெழுத்துல மொத்த ராணுவத்தையும் கலைச்சு லட்சக்கணக்கான ஆளுங்களை சம்பளம் இல்லாம துப்பாக்கியோட வீட்டுக்கு அனுப்பினாரு, அதுல சில ஆபீசர்கள் பின்னாடி ஐஎஸ்ஐஎஸ்ல போயி நின்னாங்க.

போகவே கூடாதுன்னு நான் சொல்லல. 94ல ருவாண்டாவுல இனப்படுகொலை நடந்தப்ப யாரும் போகல, இருந்த ஐநா படையையும் 270 பேரா குறைக்கச் சொல்லி ஓட்டு போட்டாங்க, நூறு நாள்ல எட்டு லட்சம் பேர் போச்சு. அதைப் படிச்சா எனக்கும் ஆத்திரமாத்தான் வருது. ஆனா போறவன்கிட்ட "சரி, அங்க நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனை யார் தொறப்பா"ன்னு கேட்டா முழிக்கிறான் பாருங்க, அவனை நம்ப முடியல.

நைட்ஷிப்ட்:

ஒரு சந்தேகம், எல்லாரும் ஆட்சியப் பத்தியே பேசுறீங்க, தீவிரவாதி விஷயம் வேறல்ல? 2001 ஆப்கானிஸ்தான்ல காரணம் சரிதான், அமெரிக்காவுல செப்டம்பர் 11 தாக்குதல்ல மூவாயிரம் பேர் செத்தாங்க, மறுநாளே ஐநா பாதுகாப்பு கவுன்சில் தற்காப்பு உரிமைய ஒத்துக்கிச்சு, பின்லேடனைக் கொடுன்னா தாலிபான் கொடுக்கல. சரி போனாங்க. ஆனா 20 வருஷம் அங்க இருந்து 2021 ஆகஸ்ட் 15 காபூல் திரும்ப தாலிபான் கையில. பின்லேடன் கெடச்சது எங்க, பக்கத்து நாட்டு அபோட்டாபாத்ல ஒரு வீட்டுல, ஹெலிகாப்டர்ல வந்த சின்ன டீம் ஒரே ராத்திரியில முடிச்சுட்டுப் போயிடுச்சு. ஆளைப் பிடிக்கப் போறதுக்கும் நாட்டைத் திருத்தப் போறதுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க. காரணம் சரியா இருந்தும் வேலை பெருசாகிப் பெருசாகி கெட்டுப்போச்சு.

26/11க்கு அப்புறம் இந்தியா அடிக்கலையேன்னு எனக்கு ரொம்ப நாள் கோபம். 166 பேர். இப்ப கொஞ்சம் வேற மாதிரி தோணுது, அடிச்சிருந்தா பேச்சு மும்பையில இருந்து இந்தியா-பாகிஸ்தான் சண்டைக்கு மாறிருக்கும், ரெண்டு பக்கமும் அணுகுண்டு. கசாப்பை உயிரோட பிடிச்சு கோர்ட்ல நிறுத்தினதால எங்க இருந்து வந்தாங்கன்னு உலகமே ஒத்துக்கிச்சு. ஆனா அனுப்பினவன் அங்கேயே ஜாலியா இருந்தானே, அதை நெனச்சா திரும்ப கோபம் வருது. முடிவுக்கு வர முடியல

டீகிளாஸ்:

@நைட்ஷிப்ட் அணுகுண்டு இருக்கிறவனை விட்டுடலாம் இல்லாதவனை அடிக்கலாம். இதான் ரூல். வடகொரியாக்காரன் ஈராக்கைப் பாத்து கத்துக்கிட்டான்

நோட்டரி பப்ளிக்:

எரிச்சலா இருந்தாலும் இந்த ஒரு பாயிண்ட் டீகிளாஸ் சரியா சொல்லிட்டாரு.

மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றிங்க. தேதி, மறுநாள் இது ரெண்டையும் வச்சுப் பாத்தா 2003 ஊர்வலம் போனதுக்கு வருத்தப்பட வேண்டியதில்லன்னு தோணுது, ஆனா "எந்த சண்டையும் வேணாம்"னு கண்ண மூடிட்டு சொல்றதை இனிமே விட்டுடுவேன். குழம்புச்சட்டி சொன்ன மாதிரி கோயில் வாசல்ல கால் இல்லாத பெரியவங்க நாலஞ்சு பேர் உக்காந்து வாத்தியம் வாசிச்சிட்டு இருந்தாங்க, பையன் காசு போட்டான்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். ஜனவரி 7 அங்க கவர்மென்ட் லீவு, இனப்படுகொலைய ஜெயிச்ச நாள்னு. எதிர்க்கட்சி ஆளுங்க அதே நாளை வியட்நாம்காரன் நாட்டைப் பிடிச்ச நாள்னு சொல்லுவாங்களாம். எங்க கைடு கிட்ட நீங்க எந்தப் பக்கம்னு கேட்டேன். அவரோட அப்பா வழியில யாருமே மிஞ்சலயாம். சிரிச்சுட்டு, நாலு மணிக்கு கேட் மூடிருவாங்க சார், வாங்கன்னு முன்னாடி நடந்துட்டாரு.