சில்லுத் திருத்துற அண்ணையைப் பற்றித் தெரிஞ்சவை எழுதுங்கோ

ஊர் ஊராய்ப் போய்ச் சக்கர நாற்காலிகளைக் காசு வாங்காமல் திருத்திக் குடுக்கிற அண்ணைக்குச் சனசமூக நிலையத்தில் பாராட்டு வைக்கிறம். வாழ்த்துமடலில் வெறும் பட்டம் போடாமல், அவர் என்ன செய்யிறார் எண்டதைப் போட விருப்பம்.

(பதில் எழுதினவையின்ர ஊர்ப்பேர் முன்னுக்கு இருக்கு.)

சுன்னாகம்: அண்ணை முதல்ல பாக்கிறது முன்பக்கச் சின்னச் சில்லை. தலைமயிர், சாரத்து நூல் எல்லாம் அச்சில சுத்திக் கிடக்கும். சில்லு உருளாமல் இழுபட, தள்ளுறவருக்குத் தோள்மூட்டு போகும். நட்டைக் கழட்டி மயிரைப் பிளேட்டால வெட்டி எடுத்து, பேரிங்கை விரலில போட்டுச் சுழட்டிப் பாப்பார். கரகரத்தால் மாத்தோணும். அநேகமான கதிரையளுக்கு 608 எண்ட இலக்கப் பேரிங்தான்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22.

பின் ரயர் 24 அங்குலம். அதுக்காகச் சைக்கிள் கடையில "24" எண்டு மட்டும் கேட்டு வாங்காதேங்கோ. ரயரின்ர பக்கத்தில 37-540 எண்டு இருக்கோணும் (ரயர் அகலம் 37 மி.மீ., றிம்மில இருக்கிற விட்டம் 540 மி.மீ.). சின்னப்பிள்ளையளின்ர மவுண்டன் சைக்கிள் ரயரில அந்த விட்டம் 507, கதிரை றிம்மில ஏறாது. பிரேக் பிடிக்கேல்லை எண்டு சொன்னால் அண்ணை பிரேக்கைத் தொட முதல் காத்துத்தான் அடிப்பார். அந்தப் பிரேக் ரயரை அழுத்தித்தானே பிடிக்குது. கட்டிலுக்கு மாறேக்க கதிரை வழுக்கிறதும் கனதரம் இதாலதான்.

கொடிகாமம்: அவரது பெரிய வேலை கதிரையின் இருக்கை மெத்தையில்தான் என்பேன். 2009 இல் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வு இல்லாமல் இருப்பவருக்கு, ஒரே இடம் அழுந்தி வரும் புண் தொடங்குவதே தெரியாது. ஆள் இருக்கும்போது மெத்தைக்கு அடியில், இருப்பெலும்புக்கு நேரே, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் பார்ப்பார். எலும்பு கையில் குத்தினால் ஸ்பொஞ்ச் செத்துவிட்டது. ஓர் அங்குலமாவது அமுங்காமல் மிஞ்ச வேண்டும். அடுத்தது கால்தட்டு. அது உயர்ந்திருந்தால் முழங்கால் மேலே போய், பாரம் முழுக்கப் பிட்டத்தில் இறங்கும். தொடை மெத்தையில் படியும் அளவுக்கு இறக்குவார். ஆனாலும் நிலத்துக்கு மேல் இரண்டு அங்குலம் விடுவார்.

அரை மணிக்கு ஒரு தடவை நெஞ்சு தொடையில் படக் குனிந்து இரண்டு நிமிடம் இருக்கச் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். குனிய முன்னர் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு உருட்ட வேண்டும். அப்போதுதான் சின்னச் சில்லு முன்பக்கம் திரும்பி நிற்கும். இல்லாவிட்டால் ஆளோடு கவிழும். சிவந்த இடம் மாறாமல் நின்றால் எண்ணெய் போட்டுத் தேய்க்க விடமாட்டார். சரிந்து படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

பருத்தித்துறை: கதிரை ஏற வாசலில கட்டுற சரிவுக்கு அவற்ற கணக்கு, ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஒண்டரை அடி உயர அத்திவாரம் எண்டால் 18 அடி. முத்தத்தில இடமில்லை எண்டு மேசன்மார் ஆறடியில முடிக்கப் பாப்பினம். அதில தனிய ஏறவே ஏலாது, இறங்கினால் குப்புற விழுவினம். அண்ணை நூல் பிடிச்சுச் சுவரோட திருப்பி, நடுவில தட்டையா ஐந்தடி விடச் சொல்லுவார். மணல் ஒழுங்கையில கதிரையை முன்னுக்குத் தள்ளாமல், திருப்பிப் பின்பக்கமா இழுக்கோணும்.

மானிப்பாய்: பொன்னாடைக் காசுக்கு 608 பேரிங் ஒரு பெட்டி, 37-540 ரயரும் ரியூப்பும் நாலு சோடி, கிறீஸ் ஒரு டின் வாங்கி மேடையில குடுங்கோ. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தில புதுக்கதிரை குடுத்துப் படம் எடுக்க ஆக்கள் இருக்கினம். பிறகு பேரிங் போனால் தேடிப் போறது இவர்தான். விழாவை ஞாயிற்றுக்கிழமை வைக்காதேங்கோ, அண்டைக்குத்தான் அவர் நட்டுக் கழட்டுற சாவிப்பெட்டியோட வெளிக்கிடுறவர்.