பேரிஜம் ஏரியில் படகு விடலாமா, கூடாதா?

செல்லூர் பாண்டி:
கோடை லீவு வந்தாலே மதுரையில் பாதிப் பேர் வத்தலக்குண்டு ரோட்டில்தான் நிற்கிறோம். இ-பாஸ் எடுத்து, மலையேறி, கொடைக்கானல் ஏரிக்கு வந்தால் மாட்டுத்தாவணியில் நிற்கிற அதே கூட்டம். அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் காட்டுக்குள் பேரிஜம் என்று ஒரு ஏரி இருக்கிறது. சுற்றிலும் மலை, கண்ணுக்கெட்டிய வரை ஊர், கடைத்தெரு எதுவும் கிடையாது, தண்ணீர் அப்படியே வானத்தைக் காட்டும். ஆனால் போவதுதான் பெரிய பாடு. வனத்துறையில் பாஸ் வாங்கணும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு, யானை நடமாட்டம் என்றால் கேட்டையே பூட்டிவிடுகிறார்கள். எல்லாம் தாண்டி உள்ளே போனால் கரையில் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கொடைக்கானல் மலையிலேயே இருக்கிற மன்னவனூர் ஏரியில் அதே வனத்துறைதான் பரிசல் விடுகிறது. அங்கே கெடாத காடு இங்கே மட்டும் எப்படிக் கெடும்? நாலைந்து மிதிபடகு, கரையில் ஒரு டீக்கடை, ராத்திரி தங்க சில மரக்குடில்கள், இதற்கு மேல் நான் கேட்கவில்லை. காட்டைப் பூட்டியே வைத்திருந்தால் நம்ம பிள்ளைகளுக்கு அதன் மேல் எப்படிப் பிரியம் வரும்?

தென்கரை மலர்:
பாண்டி தம்பி, நான் பெரியகுளம். நீங்கள் படகு விடச் சொல்லும் தண்ணீர் எங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிற தண்ணீர். வெயில் காலத்தில் சோத்துப்பாறை அணை இறங்கிவிட்டால் பேரிஜத்தைத் திறந்துவிடச் சொல்லித்தான் ஊரே கேட்கும். அங்கிருந்து ஓடை வழியாகக் காட்டுக்குள்ளேயே இறங்கி அணைக்கு வந்து, அப்புறம்தான் எங்கள் குடத்துக்கு. அதில் டீக்கடையும் குடிலும் வந்தால் கழிவறையும் வரும், அந்தக் கழிவு எங்கே போகும்? மலையில் தண்ணீர் மேலே ஏறாது, கீழேதான் வரும். கீழே நாங்கள் இருக்கிறோம்.

செல்லூர் பாண்டி:
அக்கா, குடிதண்ணீர் என்பது சரிதான், அதற்காகத்தான் மிதிபடகு என்றேன், மோட்டார் கேட்கவில்லை. டீசல் கிடையாது, சத்தம் கிடையாது. கழிவறையை ஏரிக்குத் தண்ணீர் வராத பக்கமாகக் கட்டலாம். இன்னொன்றும் சொல்கிறேன். பேரிஜம் ஒன்றும் ஆதியிலிருந்து இருந்த ஏரி இல்லை. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தின் குறுக்கே வெள்ளைக்காரன் காலத்தில் கரை கட்டித்தான் தண்ணீரைத் தேக்கினார்கள். கொடைக்கானல் ஏரியும் அப்படித்தான், 1863-ல் நம்ம மதுரைக்குக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கியது. மனுஷன் கட்டிய ஏரியில் மனுஷன் இறங்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

நரிமேடு பறவைநோக்கி:
கொடைக்கானல் ஏரியை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன், சீசன் முடிந்து படகுத்துறைப் பக்கம் ஓரமாக நடந்து பார்த்திருக்கிறீர்களா? நாணல் அடியில் சிப்ஸ் கவரும் ஸ்ட்ராவும் குழந்தைகளின் செருப்பும் மிதக்கும். இதற்கெல்லாம் டீசல் தேவையில்லை, ஆள் வந்தால் போதும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்று ஹைகோர்ட் வரைக்கும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிற ஊர் அது.

மனுஷன் கட்டிய ஏரி என்பது உண்மை. ஆனால் இத்தனை வருடத்தில் காடு அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டது. காலையில் முதல் வண்டியில் போனவர்களுக்குத் தெரியும், பனி தண்ணீரைவிட்டு எழும்பும் நேரத்தில் எதிர்க்கரைப் புல்லில் கறுப்பாக ஏதோ அசையும். பாறை என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது தலையைத் தூக்கும். காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள், மூக்கிலிருந்து புகை புகையாக மூச்சு. வளர்ந்த கடா ஒரு டன்னை நெருங்கும், ஆனால் தண்ணீருக்கு இறங்கும்போது ஒரு சருகு மிதிபடுகிற சத்தம்கூட வராது. பின்னாலேயே பசுவும் கன்றும் வரும், கன்று செம்பழுப்பாக இருக்கும். அந்த இடத்தில் ரெண்டு படகு மிதந்து, மூன்று பேர் கூச்சல் போட்டால் கூட்டம் மறுபடி அந்தக் கரைக்கு இறங்காது. கடமானும் கேளையாடும் அதே கரைக்குத்தான் தண்ணீருக்கு வருகின்றன. செந்நாயைப் பார்த்தவர்களும் உண்டு.

பறவைக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லாத நீலகிரி காட்டுப்புறா இந்தச் சோலைகளில், அதாவது மலையில் தானாக வளர்ந்த அடர்காடுகளில், இருக்கிறது. அதைப் பார்க்க ஓசையில்லாமல் நிற்கத் தெரிந்தால் போதும், படகு வேண்டாம்.

பூம்பாறை டிரைவர்:
இந்த ரூட்டில் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் எழுதுகிறேன். மோயர் பாயின்ட் கேட்டைத் தாண்டினால் தொப்பித் தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அப்புறம் ஏரி. சோலைக்குள் இறங்கினால் வழி தெரியாமல் போய்விடும் என்பதால் அந்தப் பெயர். ஆனால் டூரிஸ்ட் எல்லாரும் சோலையைப் பார்க்கிறதாக நினைத்து, ஆள் நட்டு வளர்த்த பைன் மரத்தைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். மன்னவனூர் வேற கணக்கு, பாண்டி அண்ணே. அது ஊரை ஒட்டின வெட்டவெளி, பக்கத்திலேயே ஆட்டுப் பண்ணை இருக்கு, ஜனம் நடமாடுகிற இடம். பேரிஜம் அப்படியில்லை, அங்கே ராத்திரி குடில் போட்டால் குடிலைச் சுற்றி மாடு நிற்கும், காலையில் கதவைத் திறக்கிற ஆளுக்கு யார் பொறுப்பு?

ஆனால் நீங்கள் ஆரம்பத்தில் சொன்ன ஒன்றில் நியாயம் இருக்கு. பாஸ் வாங்குகிறது முழுக்கக் கார் வைத்திருக்கிற ஆள், இல்லை டாக்சிக்குக் கொடுக்க முடிகிற ஆள். மதுரையிலிருந்து பஸ் ஏறி, குடும்பத்தோடு கொடைக்கானல் வந்து, அன்றைக்கே திரும்புகிற கொத்தனாரும் தையல்காரரும் பேரிஜத்தைப் பார்த்ததே இல்லை. எனக்குச் சவாரி குறையும் என்றாலும் சொல்கிறேன், பஸ் ஸ்டாண்டிலிருந்து வனத்துறையே குறைந்த கட்டணத்தில் தினம் சில நடை வேன் விட்டு, உள்ளூர்ப் பையன் ஒருத்தனைக் கூடவே அனுப்பினால் அது எல்லாருக்குமான ஏரி. பத்துக் கார் போகிற ஆட்கள் ரெண்டு வேனில் அடங்குவார்கள், ரோட்டில் சத்தமும் குறையும்.

செல்லூர் பாண்டி:
தம்பி சொன்னதைத்தான் நான் வேற மாதிரி சொன்னேன். எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டுகிறவர் பையன் காட்டுமாட்டை டிவியில்தான் பார்த்திருக்கிறான். குடிலை வேண்டுமானால் விட்டுவிடலாம், ராத்திரி ஆபத்து என்பது புரிகிறது. ஆனால் படகில் ஒரு மணிநேரம் மிதந்தால் அந்தப் பையனுக்கு ஏரி ஆயுசுக்கும் மனதில் நிற்கும். கரையில் பத்து நிமிஷம் நின்றவனுக்கு நிற்காது. பறவை பார்க்கிறவர் தன் பொழுதுபோக்கை மட்டும் சரியான பொழுதுபோக்கு என்கிறார்.

நரிமேடு பறவைநோக்கி:
என் பொழுதுபோக்கைப் பற்றி இல்லை அண்ணே. 2013-ல் இந்தக் காட்டைக் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். சரணாலயத்தில் முதல் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. பழனி மலையில் புல்வெளியில் பாதிக்கு மேல் கடந்த நாற்பது ஐம்பது வருடத்தில் பைன், தைலம், வாட்டில் என்று வெளிநாட்டு மரக் காடாக மாறிவிட்டதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாட்டுக்கு மேய்ச்சல் போய்விட்டது, அதனால்தான் கொடைக்கானல் ஏரிச்சாலையில் காருக்கு நடுவே காட்டுமாடு நிற்கிறது. மலைப் புல்லும் சோலையும்தான் மழையைப் பிடித்து வைத்து வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது, மலர் அக்கா குடத்துக்கு வருகிற தண்ணீர் அப்படிச் சேர்வதுதான். படகுத்துறைக்கு ஒதுக்கச் சொல்கிற பணத்தை வைத்து ஏரியைச் சுற்றி வாட்டிலை எடுத்துவிட்டுப் புல்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் தெருப் பையனுக்குப் படகுதான் ஆசை என்றால் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிரம்பும்போது விடுகிறார்களே, அங்கே ஏற்றுங்கள்.

செல்லூர் பாண்டி:
தெப்பக்குளத்தையும் பேரிஜத்தையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. சரி, மனு எழுதப்போகிறேன், வனத்துறைக்கும் கலெக்டருக்கும். பஸ் ஸ்டாண்ட் வேன், உள்ளூர் வழிகாட்டி, வாட்டில் அகற்றுவது, அதோடு நாலு மிதிபடகு. யார் யார் கையெழுத்துப் போடுவீர்கள்?

தென்கரை மலர்:
படகு என்ற வார்த்தை இருக்கிற மனுவில் பெரியகுளத்தில் ஒரு கையெழுத்தும் கிடைக்காது தம்பி. அதை எடுத்துவிட்டு எழுதுங்கள், வடகரை தென்கரை ரெண்டிலும் வீடு வீடாகப் போய் நானே வாங்கித் தருகிறேன்.

செல்லூர் பாண்டி:
எடுக்க மாட்டேன் அக்கா. ரெண்டு மனுவாக எழுதுகிறேன், வேன் மனு உங்களுக்கு வரும்.