பழைய டீசல் ஜீப் சில நாள் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது, சில நாள் ஆகவே மாட்டேன் என்கிறது: உதவி வேண்டும்

மலைரோட்டுக்காரன்:
வணக்கம். எங்களுடையது 1994 மாடல் எம்.எம். 540, பூஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. அப்பா காலத்து வண்டி. ஒடுகத்தூருக்கும் பீஞ்சமந்தைக்கும் நடுவில் சாமை, புளி மூட்டை, ஆள் என்று எல்லாம் இதில்தான் போய் வருகிறது. மூன்று மாதமாக ஸ்டார்ட்டிங் தொல்லை. நாலு நாள் சாவியைத் தொட்டதும் பிடிக்கும், ஐந்தாம் நாள் எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது. பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரைப் பிரித்து கார்பனும் புஷ்ஷும் மாற்றியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக் நாலும் புதிது. காட்டிய மூன்று இடத்திலும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், அவர்கள் பார்க்கும்போது மட்டும் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. போன வாரம் காய்ச்சலில் கிடந்த ஒரு பாட்டியைக் கீழே கொண்டுபோய் காட்டிவிட்டுத் திரும்பும்போது சந்தை அருகில் நின்றது. ஆறு பேர் தள்ளித்தான் எடுத்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏலகிரி14:
துணியில் பெட்ரோல் நனைத்து ஏர் ஃபில்டர் வாயில் காட்டி செல்ஃப் அடியுங்கள், உடனே பிடித்துவிடும். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பட்டறைவாசி:
தயவுசெய்து அதைச் செய்யாதே தம்பி. இது ஹீட்டர் பிளக் இன்ஜின். பிளக் சிவந்திருக்கும்போது பெட்ரோல் ஆவியோ ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயோ உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் உடையும், முகமும் கருகும். அப்படியே பிடித்தாலும் நோய் என்ன என்று தெரியப்போவதில்லை.

முதலில் ஒன்று சொல். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எப்படி? செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா, அல்லது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு செல்ஃபே சுற்றவில்லையா? இரண்டும் வேறு வேறு வியாதி. சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா? வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. இன்ஜினை நிறுத்துவது சாவியிலா, இழுக்கிற கேபிளிலா? சாவி என்றால் டீசல் பம்பில் இருக்கும் ஸ்டாப் சாலினாய்டுக்கு (டீசலை அடைக்கும் மின் வால்வு) போகும் வயரைப் பார்க்க வேண்டும், கேபிள் என்றால் பம்பில் அந்த லீவர் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் எழுது. நேரம், இன்ஜின் சூடா ஆறியதா, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, செல்ஃப் எப்படிச் சுற்றியது, புகை உண்டா. ரெண்டு வாரம் எழுதினால் போதும். அதுவரைக்கும் எந்தச் சாமானும் வாங்காதே.

மலைரோட்டுக்காரன்:
அண்ணா, பன்னிரண்டு நாள் எழுதினேன். எட்டு முறை மக்கர். எழுதியதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் எட்டும் ஒரே மாதிரி இல்லை. ஐந்து முறை விடியற்காலை, இன்ஜின் ஆறிய நிலையில், செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, துளி புகை இல்லை. அந்த ஐந்து நாளும் வீட்டு வாசல் ஏற்றத்தில் மூக்கு மேலே பார்த்தபடி நிறுத்தியிருந்தேன். சமதரையில் நிறுத்திய இரவுகளில் ஒரு முறைகூட மக்கர் இல்லை. மீதி மூன்று முறை, முத்துக்குமரன் மலை ஏற்றம் ஏறி முடித்து நிறுத்தி, கால் மணி கழித்து எடுக்கும்போது. அப்போது 'டக்' சத்தம் மட்டும். நிறுத்துவது கேபிளில்தான், லீவர் சரியாகத் திரும்புகிறது. ஆனால் அந்த மூன்றாவது முறை விடாமல் செல்ஃப் அடித்துவிட்டு ஸ்டாப் நாபைத் தொட்டேன், கை சுட்டது. மலை ஏறிய சூடுதானே?

பட்டறைவாசி:
இல்லை தம்பி, அது இன்ஜின் சூடு இல்லை. உன் வண்டியில் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது, ஒன்று என்று நினைத்துத் தேடியதால்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

கேபிளை முதலில் பார்ப்போம். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, சேசிஸோடு நேரடித் தொடர்பு கிடையாது. செல்ஃப் இழுக்கும் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக ஒரு தடித்த எர்த் பட்டை வேண்டும். அது துருப்பிடித்தோ அறுந்தோ போனால் கரண்ட் வேறு வழி தேடும். ஸ்டாப் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும், நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த மெல்லிய கம்பி எப்படித் தாங்கும், சூடாகாமல் என்ன செய்யும்! ஏற்றம் ஏறிய பிறகு செல்ஃபும் சூடு, இணைப்பும் சூடு, மின்தடை கூடும், அதனால் அப்போது மட்டும் 'டக்'. மல்டிமீட்டரில் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் (கிளிப்பில் இல்லை, கம்பத்திலேயே) மற்றதை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வை. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது.

காலைப் பிரச்சினை ஏர், அதாவது டீசல் லைனுக்குள் காற்று புகுவது. மூக்கு மேலே இருந்தால் டேங்க் பள்ளத்தில் போய்விடும், லைனில் எங்காவது காற்று நுழைய வழி இருந்தால் இரவெல்லாம் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். இது உறிஞ்சுகிற பக்கம், அதனால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது. ஒழுகவில்லையே என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரிகிற டியூப் ஒரு முழம் வாங்கி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டி, காற்றுக் குமிழ் தெரிகிறதா என்று பார். சோதனைக்கு மட்டும்தான், நிரந்தரமாக விட்டுவிடாதே.

பாலாற்றங்கரை:
எனக்கும் இதே காலைக் கோளாறு இருந்தது. ஸ்டார்ட் ஆகாத காலையில் செல்ஃப் அடிக்காமல் ஃபில்டரில் இருக்கும் கைப் பம்பை முதலில் அடித்துப் பாருங்கள். லொட லொட என்று இறங்கி, முப்பது நாற்பது அடிக்குப் பிறகு இறுகி, அதன் பின் உடனே ஸ்டார்ட் ஆனால் ஏர்தான், வேறு சந்தேகமே வேண்டாம்.

மலைரோட்டுக்காரன்:
அண்ணா, இரண்டும் அப்படியே இருந்தது. பிளாக்குக்கும் நெகட்டிவ் கம்பத்துக்கும் 1.8 வோல்ட் காட்டியது. கியர் பாக்ஸ் பக்கம் படுத்துப் பார்த்தால் எர்த் பட்டையின் பின்னல் பாதிக்கு மேல் பச்சை பூத்து அறுந்து, நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. வேலூரில் புதுப் பட்டை வாங்கி, சேசிஸ் பக்கம் பெயின்ட் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். இப்போது 0.15. செல்ஃப் சுற்றும் சத்தமே மாறிவிட்டது.

மட்டக் குழாயில் காலையில் பார்த்தேன், பாதிக் குழாய் காலி. கைப் பம்ப் அடித்ததும் சோடா மாதிரி குமிழ் குமிழாக வந்தது. டேங்க் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சேசிஸ் ஓரமாக வரும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு. நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. ஹோஸும் கிளிப்பும் மாற்றி, ஃபில்டரில் செப்பு வாஷர் இரண்டும் புதிதாகப் போட்டு, ஏர் எடுத்தேன். வேண்டுமென்றே ஒன்பது இரவு வாசல் ஏற்றத்தில் மூக்கு மேலே பார்த்து நிறுத்தினேன். ஒன்பது காலையும் ஒரே அடி.

பட்டறைவாசி:
சந்தோஷம் தம்பி. எர்த் பட்டை போல்ட்டில் கிரீஸ் தடவினாயா? இறுக்கிய பிறகு மேலே தடவ வேண்டும், மழை வருவதற்கு முன்.

மலைரோட்டுக்காரன்:
தடவவில்லை அண்ணா. இப்போதே போய்த் தடவுகிறேன்.